பக்கக்கோட்டில் ஓடுபவர்களுக்கு: விங்கர் வாழ்க்கை குறித்துக் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும், தூத்தூர்க் கடற்கரையிலிருந்து சிலரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஓர் அலுவலகக் கால்பந்து அணியில் பல ஆண்டுகள் வலது விங்கராக, அதாவது வலது பக்கக்கோட்டை ஒட்டி ஓடித் தாக்குபவனாக, ஆடியவன். இப்போது சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன்.

வண்ணாமடை, வயது 16: ஐயா, எங்கள் பள்ளியில் நான்தான் வேகமாக ஓடுபவன். விங்கராகப் பெரிய கிளப்பில் சேர இது போதுமா? எனக்கு இடது கால் சரியாக வராது.

போதாது, தம்பி. பள்ளி ஆட்டத்தில் வேகம் ஒன்றே எதிராளியைத் தாண்ட உதவிவிடும். மாநில அளவுக்குப் போனால் உன்னைத் தடுக்கும் ஃபுல் பேக்கும் (பக்கத் தடுப்பாளன்) உன்னளவுக்கு ஓடுவான். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி, அவன் எங்கே நிற்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். ஓட்டத்தைத் தளர்த்தி அவனையும் தளரவைத்து, அவன் கால் ஊன்றிய நொடியில் மீண்டும் கிளம்புவதே ஆளைத் தாண்டும் வழி. 1958, 1962 உலகக் கோப்பைகளை வென்ற பிரேசில் அணியின் வலது விங்கர் கரிஞ்சாவுக்குக் கால்கள் வளைந்தவை. பெரும்பாலும் ஒரே பக்கமாக, வலப்புறமாகவே அவர் தாண்டிப் போவார் என்று தடுப்பவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தும், எப்போது கிளம்புவார் என்பது மட்டும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. இடது கால் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வேலந்தாவளம், ஒரு தந்தை: கொல்கத்தாவில் ஒரு கிளப்பின் டிரையல்ஸுக்கு என் மகனை அழைத்துப் போவதாக ஒருவர் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அழைப்பு உண்மையானதா என்பதை அந்தக் கிளப்பின் அலுவலகத்திடமே நேரில் விசாரியுங்கள். ஃபிஃபா 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, தேர்வு எழுதி உரிமம் பெற்றவரே ஏஜென்டாக இயங்க முடியும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் அவரே சொன்னால், உடனே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். எலும்பு வளர்ச்சிச் சோதனையில் அது வெளிப்படும். தடை விழுவது பையனுக்குத்தான்.

தூத்தூர்: எங்கள் ஊர்ப் பக்கத்து மைக்கேல் சூசைராஜின் ஆட்டத்திலிருந்து இளம் விங்கர்கள் எதைக் கற்க வேண்டும்?

2017–18 ஐ-லீக் போட்டியில் சூசைராஜ் இருந்த சென்னை சிட்டி அணி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடியது. வாளையாறு தாண்டினால் ஒரு மணி நேரத் தொலைவு என்பதால் அவர் ஆட்டத்தைப் பலமுறை நேரில் பார்த்தேன். மணலில் ஆடி வளர்ந்த கால் என்பது பந்தை அவர் தொடும் மென்மையிலேயே தெரிந்தது. அந்தப் பருவத்தின் சிறந்த நடுக்கள வீரர் விருது அவருக்குக் கிடைத்தது, ஜாம்ஷெட்பூர் அழைத்துக்கொண்டது.

ஆனால் நான் என் பையன்களிடம் அதிகம் பேசுவது அடுத்து வந்த காலத்தைப் பற்றித்தான். 2019–20இல் அவர் சேர்ந்த கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் மூன்று தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடினார். அந்த அமைப்பில் தனியாக விங்கர் என்று ஒருவர் இல்லை. சூசைராஜ் இடது விங் பேக்காக, தாக்கவும் திரும்பி ஓடித் தடுக்கவும் பொறுப்பேற்று ஆடினார். அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. “என் இடம் முன்னால்தான்” என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், 2020 நவம்பர் 20 அன்று, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராகத் தொடக்கத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். பிறகு ஒடிசா அணிக்கு ஆடினார். உச்சத்துக்குப் போகும் வழியில் ஒரு நொடியில் இப்படி நிகழக்கூடும் என்பதற்காகவே படிப்பை விடாதீர்கள் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் மன்றாடுகிறேன்.

சித்தூர்: கோல்கீப்பர் கையுறை எந்த நிறுவனத்தினுடையது நல்லது?

இது என் துறை அன்று. உங்கள் கோல்கீப்பிங் பயிற்சியாளரைக் கேளுங்கள்.

மீனாட்சிபுரம்: செவன்ஸ் ஆடினால் விங்கர் ஆட்டம் கெட்டுவிடும் என்று நீங்கள் சொல்வதாகப் பையன்கள் சொல்கிறார்கள். அது சரியா, சார்?

ஓரளவு சரி. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸின் மைதானம் சிறியது. பந்தைத் தள்ளிவிட்டு நாற்பது மீட்டர் ஓட அங்கே இடமில்லை. பாஸ் கிளம்பும் முன்பே கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நிற்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியும் கிடையாது. கடைசித் தடுப்பாளனின் தோளோடு ஒட்டி நின்று, பாஸ் கிளம்பும் அதே கணத்தில் அவனைக் கடக்கும் பழக்கம் விங்கருக்கு உயிர். அதைச் செவன்ஸ் கற்றுத்தராது.

கோவிந்தாபுரம்: இதை நான் ஏற்கவில்லை, சார். ஐ.எம். விஜயன் செவன்ஸ் ஆடியவர்தானே? நெருக்கடியான இடத்தில் பந்தைக் காப்பாற்றும் திறமை அங்கேதான் வருகிறது.

நீங்கள் சொல்வதில் பாதியை மனமார ஏற்கிறேன். மூன்று பேர் சூழ்ந்திருக்கும்போது உள்ளங்காலால் பந்தை இழுத்துத் திரும்பும் லாகவமும், கேலரி முழுக்கக் கூச்சலிடும்போது கலங்காத மனமும் செவன்ஸ் தரும் செல்வங்கள். என் பையன்களில் நெஞ்சுரம் மிக்கவர்கள் அங்கிருந்தே வந்தார்கள். ஆனால் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் விஜயனைப் பதின்ம வயதிலேயே கேரள போலீஸ் அணி எடுத்து, பதினொருவர் ஆட்டத்தில் வளர்த்தது. 1990, 1991 ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற அணி அது. அந்த வளர்ப்பு இல்லாமல் செவன்ஸ் மட்டுமே ஆடியிருந்தால் இந்தியா அவரைக் கண்டிருக்காது.

கோவிந்தாபுரம் (மீண்டும்): கிளப்பில் இடம் கிடைக்காத பையனுக்குச் செவன்ஸ் தரும் இரவுக்கூலியை யார் தருவார்கள்?

இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. அறுவடை முடிந்த நிலத்தில் ஒரு சீசன் ஆடி, தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய பையனை எனக்குத் தெரியும். அவனைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. நான் வற்புறுத்துவது இரண்டைத்தான். கிளப்போடு ஒப்பந்தம் இருந்தால் எழுத்துமூல அனுமதி இல்லாமல் செவன்ஸ் ஆடாதே. அடிபட்டால் கிளப் கைவிட்டுவிடும். தொடர்ந்து பல இரவுகள் ஆடாதே. ஈரமற்ற கட்டித் தரையில் களைத்த தொடை எளிதில் கிழியும்.

நல்லேப்பிள்ளி: நான் மிக வேகமாக ஓடுவேன், செலக்ஷன் கிடைக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கொல்லங்கோடு: தொடையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டது. பத்து நாள் ஆகிறது. ஞாயிறு இறுதி ஆட்டத்தில் ஆடலாமா?

மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டாமல் ஆடாதீர்கள். விங்கர்களை அதிகம் வாட்டுவது இந்த ஹேம்ஸ்ட்ரிங் தசைதான். ஒரு முக்கியப் போட்டிக்காக ஊசி போட்டுக்கொண்டு நானே இறங்கினேன். அன்று முழுமையாகக் கிழிந்தது, அதன்பின் பழைய வேகம் எனக்குத் திரும்பவே இல்லை. குணமான பிறகு, முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னோக்கிச் சாய்க்கும் நார்டிக் பயிற்சியைக் கற்றுக்கொண்டு தொடர்ந்து செய்யுங்கள்.

எலப்புள்ளி: விங்கர் எந்த வயதுவரை ஆட முடியும்?

பலருக்கு முப்பதைத் தாண்டியதும் முதல் சில அடிகளின் வெடிப்பு குறையும். அதன்பின் மூன்று வழிகளைக் காண்கிறேன். ரயன் கிக்ஸ் இடது விங்கிலிருந்து நடுக்களத்துக்கு நகர்ந்து, யோகாசனத்தால் உடலைக் காத்து, நாற்பது வயதுவரை மான்செஸ்டர் யுனைடெடுக்கு 963 ஆட்டங்கள் ஆடினார். கிறிஸ்டியானோ ரொனால்டோ விங்கை விட்டுக் கோல் அருகே போய்விட்டார். ஸ்டான்லி மேத்யூஸ் 1965இல், ஐம்பதாவது பிறந்தநாள் கழிந்து ஐந்தாம் நாள், இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் விங்கராகவே ஆடினார். அவரைப் பின்பற்றலாம் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

நம் நாட்டுப் பி.கே. பானர்ஜியை ஏன் யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவராக ஆடி பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவை 2–1 என்று வென்றபோதும் ஒரு கோல் அவருடையது. அந்த வலது விங்கர் மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ போகாமல், வேலை தந்த ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே நின்றார். 1958இல் அந்த அணி கல்கத்தா லீகையே வென்றது. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையைத் தாழ்வாக நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வடகரப்பதி: கோவாவில் டிரையல்ஸ், முன்பணம் மட்டும் கட்டினால் போதும் என்கிறார்கள்…

வேலந்தாவளத்துத் தந்தைக்குச் சொன்னதே உங்களுக்கும். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன். பணம் கொடுக்காதீர்கள்.

வண்ணாமடைத் தம்பிக்கு, இடது கால் பற்றி:

ஆர்யன் ராபன் இடது காலாட்டக்காரர். வலது விங்கில் நின்று உள்ளே வெட்டி வந்து இடது காலால் அடிப்பார். அதைப் பார்த்து, ஒரு கால் போதும் என்று எண்ணிவிடாதே. வலது காலாட்டக்காரனான நீ வலது விங்கில் நின்றால், கோட்டை ஒட்டிப் போய்க் கிராஸ் தருவாய் என்று ஃபுல் பேக் வெளிப்பக்கத்தை அடைப்பான். உள்ளே திரும்பினால் பந்து இடது காலில்தான் விழும். பள்ளிச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று, தினமும் இருநூறு முறை இடது காலால் மட்டும் அடித்து, திரும்பி வரும் பந்தை அதே காலால் நிறுத்து. மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை எங்கள் மைதானத்துக்கு வா; அப்பாவையும் அழைத்து வா.