அவகாடோ சாலட் டிரெஸ்ஸிங் கிரீம் போல வர என்ன செய்வது?

அரைத்தால் திப்பிதிப்பியாக நிற்கிறது, சீக்கிரம் கறுத்தும் விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பழத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கும்போது காம்புப் பக்கம் லேசாக அழுத்தினால் மெல்ல அமுங்க வேண்டும். காயாக இருந்தால் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் ஓரிரு நாள் வையுங்கள். வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு அதைப் பழுக்க வைத்துவிடும்.

சரி, 1 பழத்துக்குக் கால் கப் கெட்டித் தயிர், 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், சின்னப் பூண்டுப் பல் ஒன்று, கொத்தமல்லி, உப்பு. புளிப்புக்கு நான் 4 கலமான்சி (எலுமிச்சை போன்ற சின்னப் புளிப்புப் பழம்) பிழிவேன், அந்த மணம் எலுமிச்சையில் வராது. கறுக்கச் செய்யும் நொதியையும் அந்தப் புளிப்பு மட்டுப்படுத்தும். குளிர்ந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அரைத்தால்தான் வழுவழுப்பு வரும். மீதியைக் காற்றுப் படாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள்.