வாசகர் கேள்வி பதில்: கங்குலி வீட்டுப் பிள்ளை

ஜும்பா லஹிரியின் 'தி நேம்சேக்' நாவலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதன் பாத்திரங்களைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: நாவல் வெளிவந்த ஆண்டு 2003. கொல்கத்தாவிலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த அசோக், அஷிமா கங்குலி தம்பதியருக்கு 1968இல் பிறக்கும் மகன் கோகோல், முப்பத்திரண்டு வயதை எட்டும் வரையிலான வாழ்க்கையே கதை.

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் 'இந்தியப் பண்பாடு', வலப்புறம் 'அமெரிக்கப் பண்பாடு' என்று தலைப்பிட்டு, கோகோலின் செயல்களை அவற்றின்கீழ்ப் பிரித்து எழுதினேன். பேராசிரியர் 'இது பட்டியல், பாத்திர ஆய்வு அல்ல' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு எப்படித்தான் எழுதுவது? (மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் பேராசிரியர் பக்கம்தான் நான். அந்தப் பட்டியலில் 'கோகோல்' என்ற பெயரை எந்தப் பக்கம் எழுதினீர்கள்? அது வங்காளப் பெயருமில்லை, அமெரிக்கப் பெயருமில்லை. ஒரு ருஷ்ய எழுத்தாளரின் குடும்பப் பெயர். கதாநாயகனின் பெயருக்கே இடமில்லாத பட்டியலைக் கொண்டு அவனை அளக்க முடியாது.

அந்தப் பெயர் வந்த வழியைப் பாருங்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயருமாக இருப்பது நம் ஊரிலும் உண்டு. வங்காளிகள் அதை ஏறக்குறைய ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பெயர் 'டாக்நாம்', வெளியுலகுக்கான பெயர் 'பாலோநாம்'. குழந்தைக்குரிய பாலோநாமை அஷிமாவின் பாட்டி தேர்ந்தெடுத்து அனுப்பிய கடிதம் வந்து சேரவில்லை. பெயரில்லாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப மருத்துவமனை இசையாததால், அசோக் தனக்குப் பிரியமான எழுத்தாளரின் பெயரைச் சொல்லிவைக்கிறார். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கும்போது 'நிகில்' என்ற பாலோநாமைப் பதியச் சொல்கிறார்கள். பையன் அதற்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழந்தையின் விருப்பமே பெரிதென்று எண்ணும் தலைமையாசிரியை, அவனைக் கோகோல் என்றே பதிந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அதே பையன் பதினெட்டு வயதில் நீதிமன்றத்துக்குப் போய், கோகோல் வேண்டாம், நிகில்தான் வேண்டும் என்று மாற்றிக்கொள்கிறான்.

ஆய்வுக்கான இடம் இந்தப் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் இருக்கிறது. ஐந்து வயதில் அவன் மறுத்தது இந்தியப் பெயரை. பதினெட்டில் கேட்டு வாங்கியதும் அதே இந்தியப் பெயரைத்தான். ஆக, அவன் ஓடுவது இந்தியாவைவிட்டு அன்று. தன்னைக் கேட்காமல் தனக்கு நேர்ந்துவிட்ட ஒன்றைவிட்டு. எந்தப் பண்பாடு என்று கேட்பதை நிறுத்திவிட்டு, யார் அவனை எப்படி அழைக்கிறார்கள், அப்போது அவன் என்ன செய்கிறான் என்று பக்கம் பக்கமாகக் குறித்து வாருங்கள்.

இரண்டு காட்சிகளை விட்டுவிடாதீர்கள். பதினோரு வயதில் பள்ளியிலிருந்து பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போகிறார்கள். கல்வெட்டின்மேல் தாளை வைத்து வண்ணக் கட்டியால் தேய்த்துப் பெயர்களைப் பிரதியெடுக்க வேண்டும். தன் குடும்பப் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இருக்காது, தங்கள் வழக்கப்படி எரித்துவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் இன்று யாரும் வைத்துக்கொள்ளாத விசித்திரமான பழைய பெயர்கள் அவனுக்குப் பிடித்துப்போகின்றன. சுடுகாட்டுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போவார்களா என்று தாய் அருவருப்போடு அந்தத் தாள்களை வீட்டில் மாட்ட மறுக்க, அவன் அவற்றைத் தூக்கியெறிய மனமின்றித் தன் அறையில் ஒளித்துவைக்கிறான். இன்னொன்று, வீட்டு வாசலிலுள்ள தபால் பெட்டி. அதில் 'கங்குலி' என்றிருந்ததை யாரோ 'கேங்' என்று சுருக்கி, பக்கத்தில் 'க்ரீன்' என்று கிறுக்கிவிடுகிறார்கள். சேர்த்துப் படித்தால் சதை அழுகும் நோயின் ஆங்கிலப் பெயர் காதில் விழும். தந்தை, பையன்களின் விளையாட்டு என்று சொல்லித் தள்ளிவிடுகிறார். கோகோலுக்கோ வயிற்றைப் புரட்டுகிறது. ஆனாலும் அந்த வசை தன்னையும் தங்கை சோனியாவையும்விடப் பெற்றோரையே குறிவைத்தது என்று அவன் உணர்கிறான். தன் பெயரும் அதே பெயர்தான் என்னும்போது, அவனால் எப்படி அவ்வாறு உணர முடிந்தது? உங்கள் கட்டுரையை நான் எழுதினால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

கேள்வி: பெயருக்குப் பின்னாலிருந்த காரணத்தை அசோக் முன்னமே மகனிடம் சொல்லியிருந்தால் இத்தனை மனக்கசப்பு வந்திருக்காதே? அவர் மௌனமாக இருந்தது கதாசிரியர் செய்த வசதியான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: முதல் வாசிப்பில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இரண்டாம் முறை படித்தபோது தோன்றவில்லை. 1961 அக்டோபர் 20 இரவு, கொல்கத்தாவிலிருந்து 209 கிலோமீட்டர் தொலைவில் ரயில் தடம்புரள்கிறது. இளைஞரான அசோக் அப்போது நிக்கொலாய் கோகோலின் 'மேல்கோட்டு' கதையைப் படித்துக்கொண்டிருக்கிறார். இடிபாடுகளுக்கிடையே அவர் கையிலிருந்து விழுந்த கசங்கிய தாளைக் கண்டுதான் மீட்புக்குழுவினர் அவர் உயிரோடிருப்பதை அறிகிறார்கள். சற்று முன்புவரை அவரோடு பேசிக்கொண்டு வந்தவர், தலையணையும் போர்வையும் எடுத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்துவிடு என்று சொன்ன சக பயணி, இறந்துபோகிறார். அசோக் அமெரிக்காவுக்குப் போனதன் வேர் அந்த இரவில் இருக்கிறது.

மகனின் பதினான்காம் பிறந்தநாளன்று அவர் கோகோலின் கதைத் தொகுதியைப் பரிசாக எடுத்துக்கொண்டு அவன் அறைக்கு வருகிறார். பையனின் கவனம் பீட்டில்ஸ் இசைத்தட்டில் இருக்கிறது. அசோக் சொல்ல வாயெடுக்கிறார். பிறந்தநாளில் சாவைப் பற்றி எதற்கு என்று திரும்பிப் போய்விடுகிறார். பையன் புத்தகத்தைத் திறக்காமலே அலமாரியில் வைத்துவிடுகிறான். இதில் வசதியான ஏற்பாடு எங்கே இருக்கிறது? நம் வீடுகளில் அப்பாக்கள் முக்கியமான எதையும் சொல்ல வாசற்படி வரை வந்து, 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டுப் போவதை நாம் பார்த்ததில்லையா?

பெயரை மாற்றிக்கொள்ள மகன் அனுமதி கேட்கும்போதும் அவர் காரணத்தைச் சொல்லித் தடுப்பதில்லை. பின்னர் ஒரு நாள், மகன் கல்லூரியிலிருந்து வரும் ரயிலின் முன் யாரோ பாய்ந்து உயிர்விட்டதால் வண்டி பல மணி நேரம் தாமதமாக, நிலையத்தில் காத்திருந்து அழைத்துவரும் தந்தை, வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் எல்லாவற்றையும் சொல்கிறார். என்னைப் பார்த்தால் அந்த இரவுதான் நினைவுக்கு வருமா என்று மகன் கேட்க, அதற்குப் பிறகு நடந்த எல்லாமும் நினைவுக்கு வரும் என்கிறார். அசோக்கின் பாத்திரம் முழுவதும் அந்த 'பிறகு' என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது.

கேள்வி: அஷிமா கடைசிவரை ஊர் நினைப்பில் அழுதுகொண்டிருக்கும் ஒரு தாய், அவரைத் துணைப்பாத்திரம் என்று சொல்லலாம் அல்லவா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: சொல்லக் கூடாது என்பேன். வளர்பருவ நாவல் என்றதும் பிள்ளையின் வளர்ச்சியைத்தான் தேடுகிறோம். ஆனால் இந்த நூலில் உண்மையாக வளர்பவர் அஷிமாதான் என்பது என் கட்சி. நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

நாவலின் முதல் காட்சி அவருடையது. நிறைமாதக் கர்ப்பிணியாக அடுக்களையில் நின்று, டப்பாவில் வரும் அரிசிப்பொரியில் வேர்க்கடலை, நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து, கொல்கத்தா நடைபாதைகளில் தாள் பொட்டலத்தில் விற்கும் பொரியை நகலெடுக்கப் பார்க்கிறார். கடுகெண்ணெய் இல்லை. ஏதோ ஒன்று குறைகிறது. கணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. நம் பாட்டிமாரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவரை வெறும் அடக்கமான பெண் என்று முடிவுகட்டும் முன், பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கையில் அவர் செய்த காரியத்தை நினையுங்கள். வெளியே கழற்றி வைத்திருந்த, உள்ளே 'யூ.எஸ்.ஏ.' என்று பொறித்த மாப்பிள்ளையின் காலணிக்குள் யாருக்கும் தெரியாமல் தன் கால்களை நுழைத்துப் பார்க்கிறார். அவருடைய அமெரிக்கப் பயணம் தொடங்கியது அங்கேதான், அதுவும் அவரே எடுத்துவைத்த அடியில்.

அதன்பின் கார் ஓட்டக் கற்கிறார், ஊர் நூலகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்கிறார், தோழிகளைத் தேடிக்கொள்கிறார். பணி நிமித்தம் தனியே க்ளீவ்லாந்துக்குப் போன கணவர் மாரடைப்பில் இறந்த செய்தி, அஷிமா கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் முகவரி எழுதிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் வருகிறது. மறுமுனையில் 'எக்ஸ்பயர்ட்' என்கிறார்கள். நூலக அட்டைக்கும் பத்திரிகைச் சந்தாவுக்கும் சொல்லும் சொல்லாயிற்றே என்று, சில விநாடிகள் அது அவருக்குள் இறங்கவே இல்லை. அந்நிய மொழி ஒருவருக்கு எந்த அளவு சொந்தமாகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை இதைவிட நுட்பமாகக் காட்டிய பத்தியை நான் அதிகம் படித்ததில்லை.

இறுதியில் வீட்டை விற்றுவிட்டு, ஆறு மாதம் இந்தியாவிலும் ஆறு மாதம் அமெரிக்காவிலும் இருப்பதென்று அவர் முடிவுசெய்கிறார். அஷிமா என்றால் எல்லையற்றவள் என்று பொருள். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி மகனுக்குத்தான் இருந்தது. தாய் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

கேள்வி: கோகோலின் மனைவி மௌஷுமியை ஏன் இவ்வளவு மோசமானவளாகப் படைத்திருக்கிறார்? அவனுடைய முந்தைய காதலி மாக்சின் எவ்வளவோ தேவலை. (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: மாக்சின் நல்ல பெண்தான். அவள் தன் வீட்டில், தன் பெற்றோருக்கு மகளாக இருப்பதில் எந்தச் சங்கடமும் இல்லாதவள். கோகோல் காதலித்தது பாதி அவளை, பாதி அந்தச் சங்கடமின்மையை. தந்தை இறந்ததும் அந்தக் காதல் நீர்த்துப்போவதற்கு அவள் மேல் குற்றம் சொல்ல இடமில்லை.

மௌஷுமி கோகோலின் கண்ணாடி பிம்பம். அவனைப் போலவே குடியேறிய வங்காளிப் பெற்றோருக்குப் பிறந்தவள். அவனைப் போலவே மூன்றாவதாக ஒன்றைத் தேடியவள். அவனுக்கு அது கட்டடக் கலை என்றால், அவளுக்குப் பிரெஞ்சு மொழியும் பாரிஸும். பெற்றோரின் ஆசைப்படி ஒருவரையொருவர் சந்தித்து மணந்துகொண்ட இருவரும் வந்து நின்றது, தாம் ஓடிவந்த இடத்திலேயே. நண்பர்கள் வீட்டு விருந்தில் கணவனின் பழைய பெயரை அவள் சிரித்தபடி போட்டு உடைப்பது, பின்னால் வரும் கள்ளக்காதலைவிட எனக்குப் பெரிய துரோகமாகப் பட்டது. இருந்தும் அவளை மோசமானவள் என்று ஒதுக்க ஆசிரியர் விடுவதில்லை. பத்தாம் அத்தியாயம் முழுவதையும் அவள் பார்வையில் எழுதி, அந்தக் கள்ள உறவைக் கோகோல் அறியும் முன்பே நம்மை அவள் தரப்பிலிருந்து அறியவைக்கிறார். பின்னர் கோகோலுக்கு அது தெரியவருவதும் ஒரு ரயில் பயணத்தில்தான்.

கேள்வி: இது ஆசிரியரின் சொந்தக் கதையா? (மதுரை)

பதில்: பெயர்ச் சிக்கல் மட்டும் சொந்தம். லஹிரி 1967இல் லண்டனில் பிறந்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் வளர்ந்தவர். 'ஜும்பா' அவருடைய வீட்டுப் பெயர்; நீலாஞ்சனா, சுதேஷ்ணா என்ற முறைப்படியான பெயர்களைவிட அது உச்சரிக்க எளிதென்று பள்ளியில் அதையே வைத்துவிட்டார்கள். மற்றபடி கோகோலை அவராக எண்ணிப் படிப்பது வீண் வேலை.

கேள்வி: மீரா நாயரின் திரைப்படத்தைப் பார்த்துவிட்டேன். தேர்வுக்கு அது போதாதா? (கல்லூரி மாணவர், வேலூர்)

பதில்: போதாது. 2006இல் வந்த அந்தப் படத்தில் தபுவும் இர்ஃபான் கானும் கண்ணை அகற்றவிடாமல் நடித்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். படம் குடும்பத்தை நியூயார்க்குக்கு இடம்பெயர்த்துவிடுகிறது. தந்தை இறந்ததும் கோகோல் மொட்டையடித்துக்கொண்டு வந்து நிற்கும் காட்சி படத்தில் இருக்கிறது. நாவலில் அவனுக்கு, தன் தாத்தா இறந்தபோது அப்பா மொட்டையடித்துக்கொண்ட நினைவுதான் வருகிறது. நாவலின் கோகோல், க்ளீவ்லாந்தில் தந்தை தனியே வாழ்ந்த வாடகை வீட்டைக் காலியாக விட மனமில்லாமல், அன்றிரவு அங்கேயே தங்குகிறான். தேர்வில் எழுத வேண்டியது அந்த இரவைப் பற்றி.