இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு

கேள்வி: மகனுடன் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் முதுகுப்பையோடு இறங்கி ஓரிரவு தங்கவிருக்கிறேன். மேடே இல்லாத எங்கள் பகுதியில் எப்படிப் பயிற்சி செய்வது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மலையில் களைத்தவர் திரும்பி இறங்கிவிடலாம், பள்ளத்தாக்கிலோ, அதன் அடிவரை செல்லும் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறத்தாழ 1,300 மீட்டர் இறங்கிய பிறகே ஏற்றம் தொடங்குகிறது என்பதால், முழங்காலை இறக்கத்துக்குப் பழக்குவதே முதல் வேலை. பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, வாரந்தோறும் எடையைக் கூட்டி, அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் ஏறி இறங்குங்கள். காசிமேட்டுக் கடற்கரை நடை மூச்சுக்கு நல்லது, முழங்காலுக்குப் போதாது. சென்னை வெயிலைப் பார்த்தவர் என்ற துணிச்சல் வேண்டாம்: வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்வதால் உடல் இழக்கும் நீர் தெரிவதில்லை, வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் ஆபத்தாகக் குறையலாம் என்பதால், உப்புக் கடலை அவசியம். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்காதீர்கள். இரவு தங்க முன்அனுமதி தேவை.