தண்ணீர் கேள்வி: மஞ்சளாக வரும் கிணறு

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. காய்ச்சிக் குடிக்கலாமா? கெட்டுப்போன நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யவே முடியாதா?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: காய்ச்சாதீர்கள் அம்மா. கொதித்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. நீர் ஆவியாகக் குறைய, மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஒரு வெள்ளை வாளியில் தண்ணீரைப் பிடித்து இரவு முழுவதும் வையுங்கள். பிடித்தபோது தெளிவாக இருந்து, காலையில் பழுப்பேறி அடியில் துரு படிந்தால் அது பெரும்பாலும் இரும்பு. பிடிக்கும்போதே மஞ்சளாக இருந்து, மறுநாளும் வண்டலின்றி அதே நிறத்தில் நின்றால், உங்கள் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது ஆறு இணைதிறன் குரோமியத்தை, அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் நீரில் கரையும் நச்சு வடிவத்தை. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது அது பல மடங்கு தாண்டியிருக்கும். எனவே நிறமில்லாத பக்கத்து வீட்டுக் கிணற்றையும் நம்பவேண்டாம். இரண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குரோமியம் பார்க்கவேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வழக்கமான பட்டியலில் அது இருக்காது. மாதிரி அன்றே போய்ச் சேரட்டும். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர்.

ஊரில் எல்லோரும் தோல் தொழிற்சாலைகளையே திட்டுவார்கள். திட்டலாம், பாலாற்றுப் படுகையில் உப்பைக் கொட்டியவை அவை. வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்று சொன்னதும் அவற்றைப் பார்த்துத்தான். ஆனால் தோல் பதனிடப் பயன்படுவது அதே உலோகத்தின் இன்னொரு வடிவமான மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் ஒட்டிக்கொண்டு எளிதில் நகராது. நீரில் கரைந்து ஓடும் மஞ்சளுக்குப் பெரிய மூலம், சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் (ஆறு இணைதிறன் குரோமிய உப்பு) ஆலை விட்டுப்போன கழிவு மலை. லட்சம் டன்னுக்கு மேல். மழை அதைக் கரைத்துப் பூமிக்குள் இறக்குகிறது. மழைக்குப் பின் உங்கள் கிணறு நிறம் மாறுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சுத்தம் செய்ய முடியும். நீரை இறைத்து இரும்பு சல்பேட் கலந்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக மாறிப் படிந்துவிடும். அந்தச் சேற்றை மழை புகாத குழியில் அடக்கவேண்டும். பூமிக்குள்ளேயே எத்தனாலைச் செலுத்தி, நுண்ணுயிர்களை வைத்து மாற்றும் முறையும் உண்டு. கலிபோர்னியாவின் ஹிங்க்லியில் இதைச் செய்கிறார்கள். அங்கே 1952இல் தொடங்கிய மாசு. 1996இல் 33 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளாகச் சுத்திகரிப்பு. அது மணற்பாங்கான பூமி. உங்களுடையது பாறை, வெடிப்புக்குள் ஒளிந்த நஞ்சு சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே வரும். மேலே குவியலை விட்டுவிட்டுக் கீழே இறைப்பது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது.

ஆர்.ஓ. எந்திரம் வாங்கினால், அதிலிருந்து வெளிவரும் நல்ல நீரையும் அவ்வப்போது ஆய்வுக்கு அனுப்புங்கள். அது கழிக்கும் நீரில் நஞ்சு இன்னும் அடர்த்தி. கீரைப் பாத்திக்கோ தென்னைக்கோ விடாதீர்கள்.

ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்தை இரண்டாவதாகக் கேளுங்கள். கழிவுக் குவியலில் மழைநீர் இறங்காமல் தடுப்பது முதலில் இருக்கட்டும். ஆய்வறிக்கையின் நகலையும் இணையுங்கள்.