திருச்சியிலிருந்து பரோட்டா மாஸ்டரை அழைக்குமுன் கடையில் தலை எண்ணுங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டில் தென்னிந்திய உணவகம் நடத்துகிறேன். முழுநேர உள்ளூர் ஊழியர்கள் 5 பேர், மாதம் 900 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பகுதிநேரமாக 2 பேர், வேலை அனுமதியில் மலேசியர்கள் 2 பேர் இருக்கிறார்கள். திருச்சியிலிருந்து பரோட்டா மாஸ்டர் ஒருவரை வரவழைக்க வேண்டும். ஓர் ஏஜெண்ட், "ஒரு மாதத்தில் பெர்மிட் அடித்துத் தருகிறேன்" என்கிறார். மாஸ்டரிடம் 4 லட்சம் ரூபாய் வாங்குவாராம், அதில் எனக்கும் ஒரு பங்கு தருவாராம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பங்கிலிருந்தே தொடங்குவோம். அதைத் தொடாதீர்கள். வேலை கொடுப்பதற்காக ஊழியரிடமிருந்து முதலாளி பணம் பெறுவது, அது ஏஜெண்ட் கை வழியாக வந்தாலும், வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி குற்றம். அபராதம் 30,000 வெள்ளி வரை, சிறை 2 ஆண்டு வரை, அல்லது இரண்டும். இங்கே உரிமம் பெற்ற ஏஜெண்ட், ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளம், அவ்வளவுதான். 2,000 வெள்ளிச் சம்பளக்காரரிடம் அதிகபட்சம் 4,000 வெள்ளி. 4 லட்சம் ரூபாய் அதைத் தாண்டிவிடுகிறது. பேரத்தின் முதல் வரியிலேயே சட்டத்தை மீறுகிற ஏஜெண்டிடம் மீதி வேலையை ஒப்படைக்க வேண்டாம். நிறுவனங்களுக்கான கார்ப்பாஸ் இணையக் கணக்கில் நுழைந்து நீங்களே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு 35 வெள்ளி, அட்டை வழங்க 35 வெள்ளி, மனிதவள அமைச்சுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் இவ்வளவுதான்.

அடுத்தது, மாஸ்டர் வேலை அனுமதிக்கு (வொர்க் பெர்மிட்) தகுதியானவர்தானா என்பது. சேவைத் துறையில் இந்தியர்களுக்கு வேலை அனுமதி நெடுங்காலம் கிடையாது. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் உண்டு, உணவகத்துக்கு இல்லை. 2023 செப்டம்பர் 1 முதல் மனிதவள அமைச்சு சில வேலைகளுக்கு மட்டும் கதவைத் திறந்தது. இந்திய உணவகச் சமையல்காரர் அந்தப் பட்டியலில் இருக்கிறார். மேசை துடைப்பவரும் கல்லாவில் நிற்பவரும் இல்லை. மாஸ்டர் என்று அழைத்துவந்து பரிமாற விடுவது, பின்னால் வரும் சிக்கலுக்கு நேர்வழி. உங்களுடையது கடைவீட்டில் உள்ள உணவகம் என்பதால் பேசுகிறோம். உணவங்காடி நிலையத்துக் கடையாக இருந்தால் வேலை அனுமதிக்காரரை வைக்கவே இடமில்லை.

இந்தச் சமையல்காரர் அனுமதிக்கு இரண்டு நிபந்தனைகள். நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. இந்தச் சிறப்புப் பட்டியலில் வருவோர் உங்கள் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பலருடைய திட்டம் இந்த இரண்டாவதில்தான் உடைகிறது, உங்களுடையதும் உடைகிறது.

கணக்கைப் பாருங்கள். உள்ளூர்க்காரர் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். அவர்களைத் தலைக்கு ஒன்று என்று அமைச்சு எண்ணுவதில்லை, மத்திய சேமநிதியில் பதிவான சம்பளத்தைப் பார்த்து எண்ணுகிறது. 2024 ஜூலை 1-இல் வந்த அளவின்படி மாதம் 1,600 வெள்ளியோ அதற்கு மேலோ வாங்குபவர் ஒருவர். 800 முதல் 1,600-க்குக் கீழ் வாங்குபவர் அரை ஆள். 800-க்கும் குறைவென்றால் கணக்கிலேயே இல்லை. உங்களுடைய 5 முழுநேரத்தாரும் 2 பகுதிநேரத்தாரும் சேர்ந்து ஆறு ஆகிறார்கள். மலேசியர் இருவரோடு எட்டு, மாஸ்டரோடு ஒன்பது.

சேவைத் துறையில் வேலை அனுமதி, எஸ் பாஸ் (நடுத்தரத் தேர்ச்சி ஊழியருக்கான அனுமதி) இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் 35 விழுக்காடு வரை இருக்கலாம். உங்களுக்கு ஒன்பதில் மூன்று, 33 விழுக்காடு. "கோட்டா இருக்கிறதே" என்று ஏஜெண்ட் சொல்வது இதைப் பார்த்துத்தான். ஆனால் மாஸ்டர் ஒருவர் மட்டும் ஒன்பதில் ஒன்று, 11 விழுக்காட்டுக்கும் மேல். 8 விழுக்காட்டுக்குள் ஒருவர் அடங்க வேண்டுமென்றால் அவரையும் சேர்த்து மொத்தம் 13 பேர் வேண்டும். 12 என்றால் 8.3 ஆகிவிடும். இன்றைய நிலையில் உங்களுக்கு வேலை அனுமதி கிடைக்காது.

மாற்று வழி எஸ் பாஸ். அதற்கு எந்த நாட்டவர் என்ற கட்டுப்பாடு இல்லை, எஸ் பாஸ்காரர்களுக்கான துணை வரம்பும் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காடு. ஒன்பதில் ஒருவர் அதையும் தாண்டுகிறார். ஆனால் இங்கே தூரம் குறைவு. பகுதிநேரத்தார் இருவரும் கூடுதல் நேரம் வேலை செய்ய ஒப்புக்கொண்டு 1,600 வெள்ளியை எட்டினால் உள்ளூர்க் கணக்கு ஏழாகும், மொத்தம் பத்தாகும், மாஸ்டர் சரியாக 10 விழுக்காட்டில் நிற்பார். ஆனால் விலை அதிகம். 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்த சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அது 4,800 வரை ஏறும். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 650 வெள்ளி. நாற்பது வயதுத் தேர்ந்த மாஸ்டருக்கு 3,300 போதாது என்பதைப் பலர் விண்ணப்பம் திரும்பி வந்த பிறகே கவனிக்கிறார்கள். இந்தத் தொகைகள் அவ்வப்போது உயர்பவை. அமைச்சின் இணையத்தளத்தில் கோட்டாவைக் கணக்கிடவும் தகுதியைச் சோதிக்கவும் கருவிகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அவற்றில் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

உள்ளூர்ச் சம்பளத்தை இந்த மாதம் உயர்த்திவிட்டு அடுத்த மாதம் விண்ணப்பித்தால் பலன் இருக்காது. கோட்டா கடந்த மூன்று மாதச் சேமநிதிச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. இந்த மூன்று மாதத்தைத் தாண்டப் பொறுமையில்லாமல் சிலர் மாமியார் பெயரிலும் மைத்துனர் பெயரிலும் சேமநிதி கட்டுகிறார்கள். வேலைக்கு வராதவர்களை ஊழியர் என்று காட்டுவது பொய்த் தகவல். அபராதம் 20,000 வெள்ளி வரை, சிறை 2 ஆண்டு வரை. பணிக்கால அட்டவணையையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டாலே பிடிபடுகிற தந்திரம் இது. இன்னொன்று, வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்கும் கடை தன் உள்ளூர் ஊழியர் எல்லாருக்கும் மேலே சொன்ன அடிப்படைச் சம்பளத்தைத் தர வேண்டும், முழுநேரத்தாருக்கு 1,600 வெள்ளி, பகுதிநேரத்தாருக்கு மணிக்கு 10.50 வெள்ளிக்குக் குறையாமல். உணவுச் சேவைத் துறைக்கென 2023 மார்ச் முதல் உள்ள படிப்படியான சம்பள முறை (வேலைநிலைக்கு ஏற்ற குறைந்தபட்சச் சம்பளம்) இதற்கு மேலும் கேட்கும்.

என்றாவது 13 பேர் ஆகி வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டரின் பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு முன்னெழுத்து ஓரிடத்தில், தகப்பனார் பெயர் ஓரிடத்தில் என்று கடப்பிதழும் சான்றிதழும் ஒத்துப்போவதில்லை. கடப்பிதழே அளவுகோல். அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள், அனுமதி பொதுவாக இரண்டாண்டு வரை கிடைக்கும், கடப்பிதழ் முன்பே முடிந்தால் அனுமதியும் சுருங்கும். முடிவு பெரும்பாலும் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஒப்புதல் என்றால் ஐபிஏ கடிதம், அதாவது கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வரும். இதுதான் நடப்பில் மிக முக்கியமான தாள். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஊழியருக்குப் புரியும் மொழியில் உள்ள பிரதி, அவர் ஊரை விட்டுக் கிளம்புமுன் அவர் கையில் இருக்க வேண்டும். ஐபிஏவில் 2,000 என்று எழுதிவிட்டு இங்கே வந்ததும் "சாப்பாடு, ரூம் போக 1,300" என்று கையில் கொடுப்பதுதான் அமைச்சுக்குப் போகும் புகார்களின் வழக்கமான கதை. அறிவித்த சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் ஊழியரின் எழுத்துபூர்வ சம்மதமும் அமைச்சுக்குத் தகவலும் வேண்டும். தீர்வையை அவர் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது.

அவர் விமானம் ஏறுமுன் 5,000 வெள்ளிப் பிணைப் பத்திரம் நடப்பில் இருக்க வேண்டும். மலேசியர்களுக்கு இது கேட்கப்படுவதில்லை என்பதால் இதுவரை மலேசியர்களை மட்டும் வைத்திருந்த முதலாளிகள் இதை மறந்துவிடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கினால் முழுத் தொகையை முடக்க வேண்டியதில்லை, சந்தா மட்டும்தான். அதோடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்பீடு வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முதல் 15,000 வெள்ளியைக் காப்பீடு முழுதாகத் தரும், அதற்கு மேல் போகும் பில்லில் 25 விழுக்காடு உங்கள் தலையில். இதய அறுவை சிகிச்சை என்று வந்தால் அந்தக் கால் பங்கே சிறு தொகையாக இருக்காது.

"முதலில் சுற்றுலாவுக்கு வரட்டும், இரண்டு நாள் கல்லில் நிற்கட்டும், கை எப்படி என்று பார்க்கலாம்" என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்தால் அபராதம் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை, சிறையும் கிடைக்கலாம். கை எப்படி என்பதை ஊருக்குப் போய்ப் பாருங்கள்.

வந்து ஐந்து நாளுக்குள் தங்குமிட முகவரியை அமைச்சில் பதிய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் இங்குள்ள மருத்துவரிடம் பரிசோதனை முடிய வேண்டும், காசநோயும் எச்ஐவியும் அதில் அடங்கும். பிறகு அட்டை வழங்கக் கோரி, கைரேகை கொடுக்கும் நாளை உறுதிசெய்யுங்கள். உணவைக் கையாளுகிறவர் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையில் அவர் தேர வேண்டும். தீர்வை ஒவ்வொரு மாதமும் 17-ஆம் தேதி ஜைரோ வழியே உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கழியும். 13 பேர் உள்ள கடையில் தேர்ச்சிநிலை குறைந்த ஊழியருக்கு அது 450 அல்லது 600 வெள்ளி. மாஸ்டர் மூன்றாவது வெளிநாட்டவர் என்பதால் 600 என்றே வரவுசெலவில் எழுதுங்கள்.

தங்குமிடத்தில் ஒரு நல்ல செய்தி. கட்டுமானத்துறைக்கு இருக்கும் தடை சேவைத் துறைக்கு இல்லாததால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை எடுக்கலாம், உரிமையாளர் முறையாகப் பதிந்திருந்தால் போதும். கடைக்கு மேல் மாடியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பாய் விரிப்பது வேறு. அந்த மாடி குடியிருப்புக்கு அனுமதிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். கடைசியாக, தீபாவளி நெரிசலில் தம்பி கடைக்கு ஆள் குறைகிறது என்று மாஸ்டரை அனுப்பாதீர்கள். அவர் அட்டையில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, தம்பியின் நிறுவனம் இல்லை. அதற்கும் 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.