ஏற்காட்டில் வாடகை ஸ்கூட்டரோடு விழுந்தோம். 18,500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நாமக்கல்லில் இருந்து நண்பனோடு ஏற்காடு போயிருந்தேன். லாட்ஜ் வாசலில் நின்ற ஒருவர் மூலம் நாளுக்கு 600 ரூபாய் வாடகையில் ஸ்கூட்டர் எடுத்தோம். நான்கு வருட வண்டி. 3,000 ரூபாய் அட்வான்ஸும் என் ஒரிஜினல் லைசென்ஸும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடிவாரம் வரை போய் வரலாம் என்று இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் மணல் சறுக்கி இடது பக்கமாக விழுந்தோம். பேனலில் கீறல், கண்ணாடி உடைந்தது, பிரேக் லீவர் வளைந்தது. நண்பனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கடைக்காரர் போட்ட கணக்கு: பாடி செட் 9,800, கண்ணாடி, லீவர், இண்டிகேட்டர் 1,900, பிரேக் ஷூ, கிளட்ச் 2,600, வண்டி நிற்கும் ஏழு நாள் வாடகை 4,200. பணம் வந்தால்தான் லைசென்ஸ் என்கிறார். என்ன செய்வது?

பதில் (வாகன இன்சூரன்ஸ் சர்வேயர், சேலம்):

நம்பர் பிளேட் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவே இல்லை. எல்லோரும் கீறலைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள், பிளேட்டை யாரும் பார்ப்பதில்லை. வாடகைக்கு விட முறையாகப் பதிவு செய்த பைக், ஸ்கூட்டருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். இதற்கென்று மத்திய அரசு 1997-லேயே ஒரு திட்டம் போட்டிருக்கிறது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விட்டதே தப்பு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி, வாடகைக்கு ஓடும்போது ஆன சேதத்துக்குப் பணம் தராது. அந்த ஓட்டையைத்தான் உங்கள் பையில் இருந்து அடைக்கப் பார்க்கிறார்கள்.

சனி, ஞாயிறு ஆனால் வெள்ளை போர்டு வண்டிகள் சாவியோடு வரிசையாக நிற்பது மலை ஏறும் அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிகிறது. தெரிய வேண்டியவர்கள் ஹெல்மெட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சரி, அது என் வயிற்றெரிச்சல். நீங்கள் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு எந்த வகை, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை போர்டு என்றால் கடைக்காரர் போலீஸ் பெயரைச் சொல்லி மிரட்டினாலும், அவருக்குத்தான் போலீஸைக் கண்டு அதிகம் பயம் இருக்க வேண்டும்.

அதற்காக ஒன்றும் தர வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும்போது உடைந்ததற்கு உரியதைத் தாருங்கள். எவ்வளவு என்பதுதான் பேச்சு. ஒப்பந்தத் தாளில் எந்தத் தொகையை அச்சடித்திருந்தாலும் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். அவர் நான்கு வருடம் ஓட்டிச் சம்பாதித்த வண்டிக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுப்பது உங்கள் வேலை இல்லை.

பாடி செட் என்று எல்லாப் பேனலையும் மொத்தமாகப் போட்டிருப்பது பழைய தந்திரம். ஒருமுறை இப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். இடது பேனலில் மூன்று கீறல். மூன்றும் நேற்று விழுந்தது என்றார் கடைக்காரர். விரல் நகத்தை வைத்து இழுத்தேன். ஒன்றில் மட்டும் பிளாஸ்டிக் பிசிறு சுரசுரவென்று தட்டியது, உள்ளே வெளுத்திருந்தது. மற்ற இரண்டும் வழவழவென்று மழுங்கி, தூசி ஏறிக் கறுத்துக் கிடந்தன. லீவரும் அப்படித்தான்: புதிதாக உரசிய நுனி வெள்ளி மாதிரி மின்னும், பழையது சாம்பல் பூத்துவிடும். அந்த இரண்டு கீறலுக்கும் எத்தனை பேர் ஏற்கெனவே பணம் கட்டினார்களோ! உங்களிடம் உள்ள படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி எடுத்தபோது லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று எடுத்த செல்ஃபியில் இடது பக்கம் தெரிந்தால் அதுவும் சாட்சிதான்.

இன்சூரன்ஸில் நாங்கள் கணக்குப் போடும்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்போம். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்து. மூன்று முதல் நான்கு வருடத்துக்குள் 25 சதவீதம், நான்கைத் தாண்டினால் 35. கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. இந்த அட்டவணை கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நியாயம் எது என்று பேச இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஒரே ஒரு பேனல், அதில் பாதி. கண்ணாடி முழு விலை. லீவர் கழிவு போக. இண்டிகேட்டர் உடைந்ததாக நீங்கள் எழுதவில்லை, அதை எடுத்துவிடுங்கள்.

பிரேக் ஷூவுக்கும் கிளட்சுக்கும் ஒரு பைசா தராதீர்கள். இருபது கொண்டை ஊசி உள்ள மலையில் கியர் இல்லாத ஸ்கூட்டரை வாடகைக்கு விட்டால் ஷூ தேயாமல் என்ன செய்யும்? ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு, வேகமும் குறைந்துவிட்டால் இந்த வண்டிகளில் கிளட்ச் பிரிந்துகொள்ளும். எஞ்சின் பிடிக்காது, முழு பாரமும் பிரேக்கில்தான். கருகிய வாடை வந்திருக்குமே? அது தேய்மானம், சேதம் இல்லை. அந்தச் செலவும் சேர்ந்துதான் 600 ரூபாய் வாடகை.

ஏழு நாள் வாடகை கேட்பதும் நியாயம் இல்லை. ஒரு பேனலும் லீவரும் மாற்ற ஒரு நாள், பாகம் வர இன்னொரு நாள். ஒர்க்‌ஷாப் ஜிஎஸ்டி பில்லில் வண்டி உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி கேளுங்கள். கடைக்காரரின் மச்சான் ஒர்க்‌ஷாப்பில் வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய எஸ்டிமேட் எஸ்டிமேட்டே இல்லை. என் கணக்கில் மொத்தமும் 5,000-க்குள் முடிய வேண்டும். அதில் 3,000 ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. பணம் கட்டும்போது “முழுத் தீர்வு, இதே சேதத்துக்கு இன்சூரன்ஸில் கோரமாட்டேன்” என்று ரசீது எழுதி வாங்குங்கள். இரண்டு பக்கமும் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸை எடுத்து வைத்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சட்டம் போலீஸுக்கும் போக்குவரத்து அதிகாரிக்கும் கொடுத்திருக்கிறது. வாடகைக் கடைக்குக் கொடுக்கவில்லை. அது திரும்பக் கைக்கு வரும்வரை டிஜிலாக்கரில் உள்ள பிரதி சட்டப்படி செல்லும், பதற வேண்டாம். ஆனால் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி டூப்ளிகேட் வாங்கப் போகாதீர்கள்.

இனி உங்கள் நண்பனின் முழங்கை. சிராய்ப்புதானே என்று விடாதீர்கள், ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வையுங்கள். இதே விழுகையில் எதிரே வந்த யாருக்காவது அடிபட்டிருந்தால் மேலே சொன்ன பேரம் எதுவும் பொருந்தாது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் பாசமாகப் பேசுவார். “வாடகைன்னு சொல்லாதீங்க தம்பி, ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லுங்க” என்பார். இன்னும் சிலர், ஓட்டியது எங்கள் பையன் என்று மாற்றிச் சொல்லிவிடலாம் என்பார்கள். சம்மதிக்கவே கூடாது. வாடகைக்கு ஓடிய வண்டி என்பது பின்னால் எப்படியும் தெரியவரும், இன்சூரன்ஸ் கம்பெனி கையை உதறப் பார்க்கும், நஷ்ட ஈட்டு வழக்கில் உரிமையாளரோடு ஓட்டியவரும் நிற்க வேண்டிவரும். அதற்கு மேல் பொய் வாக்குமூலம் வேறு. வாடகை கட்டிய ஜிபே பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், அழிக்காதீர்கள்.

லாட்ஜ் வாசலில் நின்றவரைச் சமாதானம் பேசக் கூப்பிட வேண்டாம். வாடகையில் கமிஷன் பார்த்தவர் இதிலும் பார்ப்பார். கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “அண்ணா, உடைந்த பாகங்களின் ஜிஎஸ்டி பில், கழற்றிய பழைய பேனல், பாலிசி நகல் மூன்றும் காட்டுங்கள். நியாயமானதை அன்றே தருகிறேன். லைசென்ஸை ஏழு நாளில் திருப்பித் தரவும்.” இதிலேயே பாதி பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்து நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சேலத்துக்கு அலைய வேண்டாம், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் நாமக்கல் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. மனுவில் “சேவைக் குறைபாடு” என்று எழுதுங்கள். “நியாயமற்ற ஒப்பந்தம்” என்று எழுதினால் அது மாநில ஆணையத்துக்குப் போய்விடும். ஒரு ஸ்கூட்டர் பேனலுக்கு மனுஷன் சென்னை போக வேண்டும் என்று யார் யோசித்தார்களோ.