டெல்லியில் அம்மாவுக்கு பெட் கிடைக்குமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மதுரையிலிருந்து மயூர் விஹாருக்கு வந்து சாமான்களைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் அக்கம்பக்கத்தில் 'கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பெட்டே கிடைக்காது' என்று பயமுறுத்திவிட்டார்கள், 71 வயது அம்மாவை ஊரிலேயே விட்டுவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை.

ஒரு டெங்கு சீசனில் என் மாமனாரை இங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால். டிரிப் பாட்டிலை ஜன்னல் கம்பியில் பேண்டேஜ் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே மெத்தைக்கு அடியில் இரண்டு கேஸ் ஷீட் இருப்பதால், ஊசி போடுவதற்கு முன் அந்த மலையாளி நர்ஸ் பேரைக் கேட்பார், அப்பா பேரையும் கேட்பார், அப்புறம்தான் கையைத் தொடுவார். அந்தக் கூட்டத்திலும் அந்தப் பெண் ஒருதரம்கூடக் கேட்காமல் போட்டதில்லை.

கட்டில் வாங்கிப் போட அரசாங்கத்திடம் பணமா இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டிலுக்கு என்ன பெரிய விலை? ஒரு பெட் என்றால் ஆக்சிஜன் குழாய் வேண்டும், மூன்று ஷிப்டுக்கும் நர்ஸ், டாக்டர், துப்புரவு ஆள் வேண்டும். கட்டடத்துக்கு ஒருதரம் பணம் ஒதுக்கி, பூஜை போட்டு, போட்டோ எடுத்துவிடலாம். சம்பளத்துக்கு வருடா வருடம் ஒதுக்க வேண்டும், அந்தப் பணியிடங்களுக்கு அனுமதி வாங்கத்தான் கோப்பு மேஜை மேஜையாக அலையும். 2025 பிப்ரவரியில் டெல்லி சட்டசபையில் வைத்த சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு) அறிக்கையைப் பாருங்கள்: 2016-17 முதல் 2020-21 வரை பட்ஜெட்டுகளில் சொன்னது 32,000 புதுப் படுக்கைகள், வந்து சேர்ந்தது 1,357. சில ஆஸ்பத்திரிகளில் 100 படுக்கைக்கு 189 பேர் வரை கிடந்திருக்கிறார்கள். கோவிடுக்குப் பிறகு, 2021-ல், ஏழு ஐசியு ஆஸ்பத்திரிகளை ஆறே மாதத்தில் எழுப்பி 6,800-க்கு மேல் படுக்கை தருகிறோம் என்றார்கள், வருடங்கள் ஓடியும் அது முடிந்தபாடில்லை.

இதில் இன்னொரு சிக்கல், ஊரில் ஜிஹெச் என்றால் மாநில அரசு ஒன்றைத்தான் கேட்க வேண்டும், இங்கே எய்ம்ஸ், சப்தர்ஜங், ஆர்எம்எல் (ராம் மனோகர் லோகியா) ஆஸ்பத்திரிகள் எல்லாம் மத்திய அரசுடையவை, எல்என்ஜேபியும் (லோக் நாயக்) ஜிடிபியும் (குரு தேக் பகதூர்) டெல்லி அரசுடையவை, ஹிந்து ராவ் மாநகராட்சியுடையது. உத்தரப் பிரதேசம், பீகார், ஹரியானாவிலிருந்து வரும் கூட்டத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் யார் எவ்வளவு பணம் போடுவது என்ற பேச்சு வந்தால் இந்த மூன்று தரப்பும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். இன்னும் பல வருடத்துக்கு இது இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே உங்கள் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

புதிதாக வருகிற எல்லாரும் செய்வது, எதற்கெடுத்தாலும் எய்ம்ஸுக்கு ஓடுவது. அங்கே புறநோயாளிகள் மட்டும் தினம் பத்தாயிரத்துக்கு மேல். அம்மாவின் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அது தேவையே இல்லை. பக்கத்தில் கிச்சடிபூரில் லால் பகதூர் சாஸ்திரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அம்மா வந்ததும் ஒருநாள் காலையில் கூட்டிக்கொண்டு போய் பர்ச்சி (ஓபி சீட்டு) போட்டு, ஒரு டாக்டரிடம் காட்டி வைத்துவிடுங்கள், கேஷுவால்டி வாசல் எந்தப் பக்கம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வாசலைத் தேடக் கூடாது. பெரிய கேஸ் என்றால் தில்ஷாத் கார்டன் பக்கம் ஜிடிபிக்கு அனுப்புவார்கள். ஆம்புலன்ஸுக்கு இங்கே 102, நம் ஊர் 108 ஞாபகத்தில் தடுமாறாதீர்கள்.

'பெட் காலி இல்லை, வேறே எங்கேயாவது போங்கள்' என்று வாயால் சொன்னால் நகராதீர்கள். முதலுதவி செய்யச் சொல்லுங்கள், எங்கே, ஏன் ரெஃபர் செய்கிறார்கள் என்று நேரம் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒருவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் படுக்கை இல்லை என்று விரட்டிய வழக்கில், அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கேஷுவால்டியில் சட்டம் பேசிச் சண்டை போடச் சொல்லவில்லை. சண்டை போட்டால் காரியம் கெடும். பணிவாக, ஆனால் நகராமல் நில்லுங்கள்.

அப்புறம், அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டதால் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு (மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) கிடைக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள், ஆதார் இருந்தால் போதும், வருடத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். அங்கேயும் 'ஃபுல்' என்று சொல்வதுண்டு, அதனால் இரண்டு மூன்று இடத்து நம்பர் போனில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள்: டெல்லியில் சலுகை விலையில் அரசு நிலம் வாங்கிய தனியார் ஆஸ்பத்திரிகள் பத்தில் ஒரு படுக்கையை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம் ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள், செப்டம்பர் பிறந்தால் டெங்குக் கூட்டம் ஆரம்பித்துவிடும்.